அரபைமாவுக்குச் சுற்றிப்போட்ட கதை

எனக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று யாரும் கிடையாது. ஆனாலும் ஒன்பது வயதில் நான் பட்ட பொறாமையை, நான்கு தங்கைகள் பிறந்த வீட்டின் மூத்த பெண்கூடப் பட்டிருக்க மாட்டாள். எனக்குப் போட்டியாக வந்தது இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். தலை தட்டையாக, அடித்து நீட்டிய செம்புத் தகடு போல இருக்கும். உடம்பு முழுக்க என் உள்ளங்கை அகலத்துக்குச் செதில்கள். வால் பக்கம் போகப் போக அந்தச் செதில்களின் ஓரத்தில் சிவப்பு ஏறும். பட்டுப் புடவைக்குக் கரை பிடித்ததுபோல. அமேசான் ஆற்று மீன். பெயர் அரபைமா. உலகத்து நன்னீர் மீன்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. பொறாமைப்படுவதுதான் படுகிறோம், சின்ன மீன்மேல் படுவானேன்.

அம்மாவுக்கு ஆற்று விலங்குப் பூங்கா ஒன்றில் மீன்களைப் பராமரிக்கும் வேலை. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் தங்கள் அம்மா தாதி, ஆசிரியை, வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் எழுந்து என் அம்மா மீன் வளர்க்கிறார் என்பேன். ஒரு பையன், ஈரச்சந்தையில் எந்த மீன்கடை, கிலோ என்ன விலை என்று கேட்டான். இடைவேளை முழுவதும் அவனை உட்காரவைத்து, ஆற்றுத் திருக்கை எப்படி மணலுக்குள் புதைந்துகொள்ளும், ராட்சதக் கெளுத்திக்கு ஏன் பல் கிடையாது என்று பாடம் எடுத்தேன். அவன் பாவம், கடைசிவரை ரொட்டியைப் பிரிக்கவே இல்லை. அவ்வளவு பெருமை எனக்கு. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைவரை நீடித்தது.

பூங்கா திறப்பதற்கு முன்னால் ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்து வரலாம் என்று அன்றைக்கு அனுமதித்திருந்தார்கள். பார்வையாளர்கள் கீழே நின்று பெரிய கண்ணாடி வழியாகப் பார்க்கும் அந்தத் தொட்டியை, அன்று நான் மேலேயிருந்து பார்த்தேன். அம்மா மேடையில் மண்டியிட்டு, ஒரு கோலின் நுனியில் பொருத்திய சிவப்பு வட்டப் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினார். அரபைமாக்கள் ஒவ்வொன்றாக வந்து மூக்கால் பலகையைத் தொட்டன. தொட்டதற்கு ஒரு மீன் பரிசு. அப்படிப் பழக்கிவிட்டால் உடம்புக்கு ஏதாவது என்றால் வலைபோட்டு இழுக்க வேண்டியதில்லை, தானாகவே வந்து நிற்கும் என்று அம்மா சொல்லியிருந்தார். வலைக்குள் மாட்டிக்கொண்டு மேலே வரமுடியாமல் போனால் அரபைமா மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதற்குச் செவுள் இருந்தும் போதாது, நம்மைப்போலக் காற்றைக் குடித்தாக வேண்டும்.

எல்லாம் தின்றுவிட்டுப் போன பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையால் தண்ணீரை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். அடியில் ஒரு நிழல் தயங்கியது. ஒரு கண் பால்போல வெளுத்த மீன் அது.

"வா தங்கம்," என்றார் அம்மா. "வா, வா, ஒண்ணும் இல்ல."

அது வந்தது. மூடியை அறைந்து சாத்தியதுபோல 'டப்' என்று ஒரு சத்தம். அம்மாவின் கையிலிருந்த மீன் காணாமல் போயிருந்தது. அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு. சோதனையில் நான் நல்ல மதிப்பெண் வாங்கினால்கூட அதில் பாதிதான் வரும்.

தங்கம் என்பது நான். காலையில் எழுப்பும்போது தங்கம், தலைக்கு ஊற்றும்போது கண்ணில் சீயக்காய் போய்விட்டால் தங்கம். அடையாள அட்டை எண் மாதிரி அது ஆளுக்கு ஒன்று, ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு அந்த மீனின் கதையைச் சொன்னார். யாரோ ஒருவர் விரல் நீளக் குஞ்சாக வாங்கி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விட்டிருக்கிறார். அது வளர்ந்தது. தொட்டி வளரவில்லை. திரும்பும்போதெல்லாம் கண்ணாடியில் இடித்து இடித்து ஒரு கண் போய்விட்டது. இப்படி வளர்ந்துவிட்ட மீன்களைச் சிலர் இரக்கப்படுவதாக நினைத்துக்கொண்டு நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், அங்கே இருக்கிற மீன்களுக்கும் கேடு, இதற்கும் கேடு. நல்லவேளை இதைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள்.

"பாவம் லா அது," என்றார் அம்மா. "சின்ன எடத்துல கெடந்து வளந்தது."

மூவறை வீட்டில் கிடந்து வளர்ந்தவள் நானும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

எதிரியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன். நூலகத்தில் மீன் என்று தலைப்பில் இருந்த எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் படித்தேன். இன்று பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறேன். எதனால் இந்தத் துறைக்கு வந்தாய் என்று யாராவது கேட்டால் இயற்கைமேல் இருந்த ஆர்வம் என்று சொல்லிவைக்கிறேன். உண்மையில் ஒரு மீனிடம் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

குறைகள் நிறையக் கிடைத்தன. நாக்கில் எலும்பு. அந்த ஊர்க்காரர்கள் அதைக் காயவைத்துத் தேங்காய்த் துருவி மாதிரி பயன்படுத்துவார்களாம். செதிலால் நகம் தேய்ப்பார்களாம். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மூச்சு வாங்குமாம். அந்தச் சத்தத்துக்காகப் படகில் ஈட்டியோடு காத்திருப்பார்களாம். அப்படிப் பிடித்துப் பிடித்தே பல ஏரிகளில் இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று படித்தபோது நான் ஈட்டிக்காரர்கள் பக்கம் நின்றேன். அதை வெளியே சொல்லவில்லை.

படித்ததையெல்லாம் அம்மாவிடம் குற்றப்பத்திரிகை மாதிரி வாசித்தேன். அம்மா மகிழ்ந்துபோனார். அதே மூச்சுச் சத்தத்தை வைத்துத்தான் இப்போது அந்த ஊர் மீனவர்கள் ஏரியில் எத்தனை மீன் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள், எண்ணிப் பார்த்து ஒரு பங்கை மட்டும் பிடித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள், அப்படிக் காவல் காத்த ஏரிகளில் மீன் திரும்பப் பெருகிவிட்டது என்று கண்கள் விரியச் சொன்னார். எனக்குச் சொல்லவேண்டிய தூங்கும்நேரக் கதையிலும் அது வந்து படுத்துக்கொண்டது.

இந்தத் துயரத்தில் என் பக்கம் இருந்தவர் அத்தை ஒருவர்தான். அப்பாவின் அக்கா. தேக்கா சந்தையின் மாடியில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருந்தார். ஜூன் விடுமுறையில் சில நாள் என்னை அங்கே விட்டுவிடுவார்கள். அப்பாவுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் நிரந்தர இரவு ஷிஃப்ட். விடிந்த பிறகு வந்து, எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்து, தலை பின்னிவிட்டுத்தான் தூங்குவார். அவர் பின்னினால் ஒரு பின்னல் காதோரம் தொங்கும், மற்றது பிடரியில் நிற்கும். அத்தை அதைப் பார்த்ததும் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் தலையைப் பிரிப்பார்.

"உங்கம்மா மீனுக்கு ஆயா வேலை பாக்கப் போயிட்டா," என்பார், வாயில் இருக்கும் ஹேர்பின்னை எடுக்காமலே. "பெத்த பிள்ளைக்குத் தலை சீவ ஆளில்ல."

அந்த வாக்கியம் எனக்கு சர்க்கரைப்பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங்கைவிட இனித்தது. திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதற்காகப் பின்னலை நானே கொஞ்சம் கலைத்துக்கொண்டு போன நாளும் உண்டு.

விடுமுறையின் தொடக்கத்தில் ஒரு நாள் அப்பா என்னைப் பூங்காவுக்கு அழைத்துப்போனார். கீழே கண்ணாடிக்கு முன்னால் என்னை நிறுத்திக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். எனக்குப் பின்னால் அந்த ஒற்றைக்கண் மீன் தேர் நகர்வதுபோல வந்து நின்றது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் திரும்பி, அதன் நல்ல கண்ணை நேராகப் பார்த்து, நீ காணாமல் போய்விடு என்று மனதுக்குள் சொன்னேன்.

அடுத்த வாரம் அதைக் காணவில்லை.

அதையும் இன்னொரு மீனையும் பின்பக்கத்தில் இருக்கும் மண்குளத்துக்கு மாற்றியிருப்பதாக அம்மா சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே அமைதியாக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். எனக்கு முதலில் கொண்டாட்டம்தான். ஆனால் அன்றிலிருந்து அம்மா வீடு திரும்புவது இன்னும் தாமதமாயிற்று. சாப்பிடும்போது சோற்றை அளைந்துகொண்டு எதையோ யோசித்தார். ஒரு காலை, அப்பா வேலையிலிருந்து வந்தும் வராததுமாக, சமையலறையில் அம்மா அவரிடம் கிசுகிசுப்பது கேட்டது.

"தலை கறுத்துப் போச்சு. சரியாவே சாப்பிட மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு."

அப்பா என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை. நான் எட்டிப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அன்று தேக்காவில் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அத்தையிடம் ஒருவருடைய தலை திடீரென்று கறுத்துப் போய், சாப்பாடும் இறங்காவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அத்தை ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். யாருடைய தலை என்று அவர் கேட்கவில்லை.

"வேற என்ன, கண்ணுதான்," என்றார். "கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. அதுவும் வயிறு எரிஞ்சு பாக்குற கண்ணு இருக்கே, பச்சை மரத்தையே பட்டுப்போக வச்சிடும்."

நான் அங்கிருந்த முழுநீளக் கண்ணாடியில் என் கண்களைப் பார்த்தேன். வழக்கம்போலத்தான் இருந்தன. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அத்தைக்கு இதற்கு வைத்தியமும் தெரியும். அவருடைய மகன் ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், அத்தை முன்பெல்லாம் அவருடைய பழைய சட்டையை வைத்துச் சுற்றிப்போடுவார். கைத்தொலைபேசி வந்த பிறகு அதில் இருக்கும் அவருடைய படத்துக்கே சுற்றினார். கல் உப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு. கிழக்கு பார்த்து நின்று, இடமிருந்து வலம், வலமிருந்து இடம். பிறகு அடுப்பில் போட வேண்டும். சாதாரணமாக மிளகாயைச் சுட்டால் வீடே இருமும். கண் பட்டிருந்தால் மட்டும் நெடியே வராது. எல்லாவற்றையும் அந்தப் பொறாமை உறிஞ்சிக்கொள்ளும். நெடி வராமல் இருக்க இருக்க, அவ்வளவு பெரிய கண் என்று அர்த்தம்.

பள்ளியில் அறிவியல் பாடத்தில் சோதனை, முடிவு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதுவும் அப்படித்தான் இருந்தது. செய்து பார்த்தால் என் கண்ணா இல்லையா என்று தெரிந்துவிடும். என் கண்தான் என்றால் கழிந்தும் விடும்.

அன்று மாலையே எனக்குத் தும்மல் ஆரம்பித்தது. மறுநாள் காலை மூக்கு இரண்டும் அடைத்து, வாயால்தான் மூச்சுவிட முடிந்தது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சளிதான் என்றார். அப்பா வந்துவிடுவார் என்றார். மணியைப் பார்த்தார். போய்விட்டார்.

எனக்கும் உடம்பு சரியில்லை, அதற்கும் உடம்பு சரியில்லை. அம்மா யாரிடம் போனார்? இதை நினைத்ததும் எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. எரிந்த அடுத்த நொடி பயம் பிடித்துக்கொண்டது. இப்போது நான் எரிந்ததும் அங்கே போய்ச் சேர்ந்திருக்குமே. இப்படியே போனால் அது செத்துவிடும். செத்தால் அம்மா அழுவார். யாருடைய கண் என்று தேடுவார். அதற்குப் பிறகு தங்கம் என்று கூப்பிட அவருக்கு அதுவும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்.

வீட்டில் யாரும் இல்லை. அப்பா மட்டும்தான் இருந்தார். வந்ததும் எனக்கு மார்பில் தைலம் தேய்த்தார். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். ருசியே தெரியவில்லை என்று பாதியை அப்படியே வைத்துவிட்டேன். மிச்சத்தை அவரே குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். அவர் தூங்கும் நேரத்தில் வீட்டில் சத்தம் கூடாது. தொலைக்காட்சியைக்கூட ஊமைப்படமாகத்தான் பார்ப்பேன்.

அவர் குறட்டை விடத் தொடங்கியதும் தலையணைக்குப் பக்கத்திலிருந்த கைத்தொலைபேசியை எடுத்துவந்தேன். கண்ணாடி முன் எடுத்த படம் அதில் இருந்தது. முன்னால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நான், பின்னால் அது. சுற்றுவதன் பலன் எனக்குப் போய்விடக்கூடாது என்று என் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். வலது கையில் உப்பு, மிளகாய், கடுகு. கிழக்கு எது என்று எனக்குத் தெரியாது. குளிர்சாதனப்பெட்டி இருக்கும் பக்கம் கிழக்கு என்று வைத்துக்கொண்டேன். பாதிச் சுற்றில் திரை அணைந்துவிடும். தட்டி எழுப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன்.

அத்தை சொல்லும் வரிசை எனக்கு மனப்பாடம். ஊர்க்கண், உறவுக்கண், நாய்க்கண், நரிக்கண், போற கண், வர்ற கண். எல்லாக் கண்ணும் அதில் இருந்தன. வீட்டிலிருக்கும் பெண்ணின் கண் மட்டும் இல்லை. கடைசியில் நானாக 'என் கண்ணும்' என்று சேர்த்துக்கொண்டேன்.

அடுப்பைப் பற்றவைத்து வாணலியில் கொட்டினேன். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் சிவப்பிலிருந்து கறுப்பானது. புகை எழுந்தது. நான் குனிந்து, மூக்கை வாணலிக்கு அருகில் கொண்டுபோய், இழுத்துப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. ஒரு துளி நெடிகூட இல்லை.

இன்னும் நான்கு மிளகாய் போட்டேன். அப்போதும் இல்லை. கண் மட்டும் எரிந்தது. எரியத்தானே செய்யும், குற்றம் செய்த கண். தொண்டை கரகரத்தது, சளி என்று நினைத்துக்கொண்டேன். என் பொறாமை எவ்வளவு பெரியது என்று பார்த்து எனக்கே பயமாக இருந்தது. ஒரு கிலோ மிளகாய் போட்டாலும் உறிஞ்சிவிடும் போலிருந்தது.

அப்போதுதான் கதவு இடிபட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமலுக்கு நடுவே மலாயில் ஏதோ கேட்டார். என்ன சமைக்கிறீர்கள், யாரைக் கொல்லப் போகிறீர்கள் என்பது போல இருந்தது. அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் இன்னும் இரண்டு பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். எங்கள் அடுக்குமாடியில் எல்லோருக்கும் சளி பிடித்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

உள்ளேயிருந்து அப்பா ஓடிவந்தார். அடுப்பை அணைத்தார். ஜன்னல்களைத் திறந்தார். வாணலியைக் கழுவுதொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். மாக்சிக்கிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்களிலிருந்தும் தாரை தாரையாக நீர் வழிந்துகொண்டிருந்தது. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. பூங்காவிலிருந்து செய்தி வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

"அப்பா, அது செத்துப் போச்சா?"

"எது?" என்றார், இருமிக்கொண்டே.

"அம்மாவோட மீன். நான்தான்பா கண்ணு வச்சேன். சுத்திப்போட்டுப் பாத்தேன், நெடியே வரல."

அப்பா என்னைப் பார்த்தார். வாணலியைப் பார்த்தார். வாசலில் இன்னும் இருமிக்கொண்டிருந்த மாக்சிக்கைப் பார்த்தார்.

"நெடி வரலியா?"

"கொஞ்சங்கூட வரலப்பா."

அவர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் போய் அவர் மடியில் விழுந்து ஓவென்று அழுதேன். நீண்ட நேரம் அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், தாழ்ந்த குரலில் அம்மாவுடன் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். அது சாகவில்லை என்றார். நாளைக் காலை நாமே போய்ப் பார்ப்போம் என்றார்.

மறுநாள் அப்பா வேலையிலிருந்து வந்து படுக்கவில்லை. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பினார். பேருந்தில் தலை தொங்கத் தொங்கத் தூங்கினார். நான்தான் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. இறங்கிய பிறகும் மெதுவாகவே நடந்தார். எனக்கோ அவசரம். இப்படி நடக்கிற ஒருவரோடு ஏன் வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது.

ஊழியர் வாயிலில் அம்மா நின்றார். சத்தம் போடக்கூடாது, அரபைமா மிரண்டால் குதிக்கும், அது மோதினால் பெரிய ஆளையே கீழே தள்ளிவிடும் என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் குளத்துக்கு அழைத்துப்போனார். சுற்றிலும் உயரமாக வலை கட்டியிருந்தது. வலையோரம் உட்கார்ந்தோம். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அது அடியிலிருந்து மேலெழுந்து வந்தது. அம்மா சொன்னது உண்மைதான். செம்பு நிறத் தலை, அடுப்புக்கரி அப்பியதுபோலக் கறுத்துக் கிடந்தது. அதைவிட மோசம், அந்தத் தலையைச் சுற்றி ஒரு கறுப்புப் புகை மிதந்தது. தலை திரும்பிய பக்கமெல்லாம் புகையும் திரும்பியது. என் கண் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

மீன் வாயைத் திறந்து, இருமுவதுபோல ஒரு மூச்சு வாங்கியது. அதற்கு அடுத்த கணம் அந்த இடத்தைச் சுற்றிலும் தண்ணீரில் பொட்டுப் பொட்டாகத் தூறல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். மழை இல்லை.

"குட்டிங்க," என்றார் அம்மா என் காதோரம். "அது மூச்சு விட வந்தா, அதுங்களும் கூடவே வந்து மூச்சு விடும்."

அந்தப் புகை முழுவதும் மீன்குஞ்சுகள். ஒவ்வொன்றும் என் கண்ணிமை மயிர் அளவு. எண்ணவே முடியாது. பூங்காவில் இதற்குமுன் இப்படி நடந்ததில்லை என்றார் அம்மா. தலை கறுத்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குஞ்சுகள் கறுப்பு, கறுத்த தலைமேல் நின்றால் வெளியே தெரியாது, தின்னவருகிற மீன்களும் பறவைகளும் ஏமாந்துபோகும். அதற்காகத்தான் அந்தக் கறுப்பு. நூலகத்தில் நான் படித்த எந்தச் சிறுவர் புத்தகத்திலும் அது இல்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அத்தையின் உப்பையும் மிளகாயையும் காலமெல்லாம் கேலி செய்தவர் அம்மா.

"நெலச்சு நிக்கட்டும்னு பாத்தேன்," என்றார். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, "வெளிய சொன்னா கண்ணு பட்டுடும்ல. அத்தைகிட்ட போய்ச் சொல்லிடாத."

அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு பிடி பொறாமைப்பட்டு வைத்தேன். இந்தக் குட்டிகளையும் தங்கம் என்றுதான் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன்.

"இத்தன பேருக்கும் தங்கத்துக்கு எங்க லா போறது?" என்றார் அம்மா. "சிராங்கூன் ரோட்டு நகைக்கடை எல்லாத்தையும் தொறந்தாலும் பத்தாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை பிள்ளை பெற்ற அம்மா என்பதால்தான் சாப்பிட நேரமில்லையா என்று அந்த மீனைக் காட்டிக் கேட்டேன்.

அம்மா இல்லை என்று தலையாட்டினார். வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம், இத்தனை நாள் எல்லோரும் அதைப் பெண் என்றே நினைத்திருந்தோம், அது அப்பா என்றார். பெண் மீன் முட்டையிட்ட நாளிலிருந்து அது இவற்றைவிட்டு நகரவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. எங்கே போனாலும் தலையைச் சுற்றிப் பிள்ளைகள். அம்மா மீன் எங்கே என்று கேட்டேன். குளத்தின் அந்தக் கோடியைக் காட்டினார். தள்ளி, தனியாக, ஒரு சிவந்த வால் திரும்பி மறைந்தது.

"அதுக்குப் பாசமே இல்ல போல," என்றேன்.

"வேற எதுவும் கிட்ட வராம வெளிய சுத்திக்கிட்டு இருக்கு. அதுவும் பாத்துக்கறதுதான்," என்றார் அம்மா. அவர் சீருடையின் முழங்கால்களில் சேறு காய்ந்திருந்தது.

நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கறுத்த தலையையும் அந்தப் புகையையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பினால் அத்தனையும் திரும்பின. அது நின்றால் நின்றன. ஒன்றுகூட விலகி இரண்டு விரற்கடை தூரம் போகவில்லை. இவ்வளவு நாள் அந்தப் பெரிய மீன்மேல் இருந்த பொறாமை அப்படியே இடம் மாறி அந்தப் பொடிசுகள்மேல் போய் உட்கார்ந்தது. நினைத்த நேரத்தில் பக்கத்திலேயே ஒரு அப்பா. தூங்காமல், தின்னாமல், மூச்சு வாங்கும்போதுகூடக் கூட்டிக்கொண்டு போகிற அப்பா.

"குடுத்து வச்சதுங்க," என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அம்மா என் தலைக்குமேல், பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தார்.

பின்னாலிருந்து, கைக்குட்டையோடு ஒரு கை நீண்டுவந்து என் மூக்கைத் துடைத்தது. மீனை மறைக்கிறது என்று நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.